பாயிரம் இல்லாத பெட்டி

சோழவந்தான் என்றவுடன் பலருக்கு வெற்றிலை நினைவுக்கு வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. பழைய பாடல்களில் தோய்ந்தவர்களுக்கு, அடுத்த ஊரான தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கத்தின் குரல் நினைவுக்கு வரும். இலக்கணத்தில் ஈடுபாடுள்ள மிகச் சிலருக்கே அரசஞ்சண்முகனார் நினைவுக்கு வருவார். தொல்காப்பியப் பாயிரத்துக்கு மட்டும் தனியே ஒரு விருத்தியுரை எழுதியவர் அவர். ஒரு நூலின் முன்னுரைக்கு இத்தனை விரிவான உரை எதற்கு என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அக்காலத்தவர் கேட்டிருக்கமாட்டார்கள்.

நூலுக்குள் நுழையுமுன், அது எந்த எல்லைக்குள் வழங்குவது, யார் கேட்பதற்கு உரியது, கற்பதனால் பயன் என்ன என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் பழைய ஒழுங்கு. தொல்காப்பியப் பாயிரமே தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. எத்துணைச் சிறப்புடையதாயினும் பாயிரம் இல்லாததை நூலாக ஏற்கமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்த மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த நாம், இன்று விலைகொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பாயிரம் கேட்பதில்லை. அப்படிப் பாயிரம் இல்லாமல் நம் ஊர்களுக்குள் வந்துவிட்ட ஒரு பெட்டியைப் பற்றியே இக்கட்டுரை. வாக்கி டாக்கி என்பது அதன் பெயர்.

1940இல் அமெரிக்கப் படைக்காக மோட்டரோலா நிறுவனம் உருவாக்கிய கையடக்கக் கருவி இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதில் ஒரே ஒரு அலைவரிசைதான் உண்டு. அந்த அலைவரிசையை நிர்ணயித்தது உள்ளே பொருத்தப்பட்ட படிகம். மாற்ற வேண்டுமென்றால் படிகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, தொழில் தெரிந்தவர் மீண்டும் இசைவு செய்தாக வேண்டும். எந்த அலைவரிசையில் பேசலாம் என்ற முடிவு, பேசுகிறவரின் கையில் இல்லை.

2012இல் சந்தைக்கு வந்த சீனத் தயாரிப்பான பாவோஃபெங் யூவி-5ஆர் இந்த நிலையைத் தலைகீழாக்கிவிட்டது. ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இக்கருவி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400க்கு மேல் இன்னொரு பெரும் பரப்பிலும் இயங்கும். விரலால் எண்களைத் தட்டினால் போதும், அந்த அலைவரிசையில் பேசலாம். 128 அலைவரிசைகளை நினைவில் வைத்துக்கொள்ளும். திருமண மண்டபத்திலும் கட்டட வேலையிலும் கோயில் திருவிழாவிலும் இளைஞர்களின் இடுப்பில் இன்று தொங்குபவை இக்கருவியும் இதன் உடன்பிறப்புகளுமே. முன்பு பொறியாளரும் அரசும் எடுத்த முடிவை இப்போது வாங்குகிறவர் எடுக்கிறார். எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுக்கிறார் என்பதுதான் சிக்கல். உறையைப் பிரித்தால் சிறிய எழுத்தில் ஓர் ஆங்கிலக் கையேடு. கருவியும் பேசும், ஆங்கிலத்தில் பேசும், சீனத்தில் பேசும், தமிழில் பேசாது.

இக்கருவியைத் தடைசெய்து தீர்த்துவிடலாம் என்பாரும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவாரும் உளர். இருவர் கூற்றும் நமக்கு உடன்பாடில்லை. இந்தப் பெட்டிக்கு வேண்டியது தமிழில் ஒரு பாயிரம். அதை எழுதித்தரும் கடமை, கருவியை விற்பவருக்கு உள்ளதைப் போலவே தமிழில் எழுதத் தெரிந்த நமக்கும் உண்டு.

முதலில் எல்லை. பெட்டியின் மேல் அட்டையில் எத்தனை கிலோமீட்டர் அச்சடித்திருந்தாலும், இவ்வகை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் ஏறத்தாழ வந்துவிடும். வயல்வெளியில் நிற்கும் மனிதரின் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கருவிக்கு ஐந்து கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே ஐந்து. இரண்டையும் கூட்டினால் பத்து. தடையே இல்லாத வெட்டவெளியில் இது. சோழவந்தானைச் சுற்றியோ தென்னந்தோப்பும் வாழையும் கொடிக்காலும் ஆற்றங்கரை மரங்களும். நீர் நிறைந்த இலைகள் அலையை விழுங்கும். அலைவரிசை உயர உயர அதிகமாக விழுங்கும். தோப்புக்குள் நின்று பேசினால் ஓரிரு கிலோமீட்டருக்குள் குரல் கரைந்துவிடுவது இயல்பு. அதே கருவியின் ஆன்டெனாவை 25 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் கணக்கு 20 கிலோமீட்டரைத் தொடுகிறது. தூரத்தைத் தருவது வாட் கணக்கைவிட உயரமே என்ற இந்த ஒரு செய்தியை அறிந்தவர், அதிக வாட் என்று சொல்லி விற்கப்படும் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுக்கமாட்டார்.

எல்லை தெரியாமல் கருவியை நம்புவது சில சமயம் உயிர் தொடர்பானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. படகில் கருவி இருந்தாலும் அதன் குரல் அடிவானத்தோடு நின்றுவிடும். கரைக்கும் அவர்களுக்கும் இடையே அதைவிடப் பன்மடங்கு கடல் இருந்தது.

எல்லை என்பது நிலத்தோடு முடிவதில்லை, சட்டத்துக்கும் உண்டு. இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933ஆம் ஆண்டினது. உரிமமின்றி ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதற்கே மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடம் இருந்தது. அச்சட்டத்தின் இடத்தைப் பெறுவதற்காக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 முதல் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பொதுமக்கள் உரிமமின்றிப் பேசிக்கொள்வதற்கு அரசு திறந்துவிட்ட வாயில்கள் மிகச் சில. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மக்கள் அலைவரிசை 2005இல் உரிம விலக்குப் பெற்றது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு துண்டு 2018இல் பெற்றது. இரண்டிலும் ஆற்றலுக்கு வரம்பு உண்டு. கருவிக்கு அரசின் வகைச் சான்றும் வேண்டும்.

இவ்விடத்தில் பலர் இடறுகிறார்கள். யூவி-5ஆர் கருவியில் 446 என்று தட்டிவிட்டால் அது சட்டபூர்வமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. சான்று வழங்கப்படுவது கருவிக்கு. அதில் நாம் தட்டும் எண்ணுக்கு அன்று. உரிம விலக்குக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் தனியே உண்டு. அவற்றில் ஆற்றல் குறைவு, ஆன்டெனாவைக் கழற்ற முடியாது, எண்களைத் தட்டும் வசதியும் பெரும்பாலும் இராது. திருவிழாக் குழுவொன்று வாங்க வேண்டியது அதைத்தான். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. இணையச் சந்தைகளும் சொல்லவில்லை. அலைவரிசை எது, உரிமம் தேவையா, சான்று உண்டா என்ற விவரங்கள் இல்லாமல் வாக்கி டாக்கிகளைப் பட்டியலிட்டதற்காக, 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணையச் சந்தைகளுக்கு அறிவிக்கை அனுப்பியது. அம்மாதமே அதற்கென வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. பாயிரம் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

யூவி-5ஆர் போன்ற கருவியை முறைப்படி வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் வழி உண்டு. பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெற்று உரிமம் வாங்கினால், விஎச்எஃப் பரப்பில் 144 முதல் 146 வரையிலும், யூஎச்எஃப் பரப்பில் 434 முதல் 438 வரையிலும் தமக்கென ஓர் அழைப்புக் குறியோடு பேசலாம். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறிகூடத் தேவையில்லை. பள்ளி மாணவருக்கு எட்டாத பாடமன்று இது.

இனி, கருவியை நிரல்படுத்தும் கலை. எண்களைத் தட்டி நினைவில் சேமிப்பது ஒன்றும் மந்திரமன்று. ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தி அலைவரிசை நிலைக்கு வந்து, திரையின் மேல்வரியைத் தேர்ந்து, எண்ணைத் தட்டி, பட்டியலில் 27ஆம் இனத்துக்குச் சென்று இடத்தைக் குறித்துச் சேமித்தால் முடிந்தது. பத்துக் கருவிகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்வது அலுப்பு என்போர், கணினியோடு இணைக்கும் கம்பி ஒன்றை வாங்கி, சிர்ப் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். மலிவான கம்பிகள் பலவற்றில் போலிச் சில்லு இருக்கும். கணினி அதை ஏற்க மறுத்தால் பழுது வாக்கி டாக்கியில் இல்லை என்று உணர வேண்டும். எதையும் எழுதுமுன், கருவியில் ஏற்கனவே இருப்பதை முழுதாகப் படித்து ஒரு நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வருவதற்கு அதுவே வழி.

ஆனால் நம்மைக் கவர்ந்தது வேறு. அந்தப் பட்டியலுக்குள் சில நல்லொழுக்கங்கள் மறைந்திருக்கின்றன. 23ஆம் இனத்தை இயக்கிவிட்டால், அலைவரிசையில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நம் கருவி வாய் திறக்காது. 9ஆம் இனம், ஒருவர் தொடர்ந்து எத்தனை நொடி பேசலாம் என்பதற்கு வரம்பு கட்டும். 15 நொடி முதல் 600 நொடி வரை. 2ஆம் இனத்தில் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளலாம். அருகில் இருப்பவரிடம் உரக்கக் கத்தாமல் பேசும் பண்பு அது. சிர்ப் மென்பொருளில் ஓர் அலைவரிசையைக் கேட்பதற்கு மட்டும் என்று பூட்டிவைக்கவும் முடியும். இடைமறிக்காதே, சுருங்கச் சொல், அடங்கிப் பேசு, கேட்க வேண்டிய இடத்தில் கேள் என்று நம் நீதிநூல்கள் சொன்னவற்றைப் பொறியாளர் ஒருவர் எண்களாக்கி உள்ளே வைத்திருக்கிறார். அவை இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லாததால் யாரும் தொடுவதில்லை.

அடுத்தது கேட்போர். பாயிரத்தில் இச்சொல் நூலைக் கற்க உரியவரைக் குறிக்கும். வாக்கி டாக்கியைப் பொறுத்தவரை இதன் பொருள் மிக நேரடியானது. தொலைபேசியில் பேசுவதைப்போல இதில் இருவர் மட்டும் பேசிக்கொள்ள முடியாது. எட்டும் தூரத்தில், அதே அலைவரிசையில் இருக்கும் எல்லோரும் கேட்போரே. இதை மறைக்கத் தொனிக் குறி என்ற வசதியைக் காட்டி, இது உங்களுக்கு மட்டுமான ரகசிய அலைவரிசை என்று விற்பவர் உண்டு. பேச்சோடு காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய ஒலியும் சேர்ந்து செல்லும். அந்த ஒலி உள்ள பேச்சுக்கு மட்டும் நம் ஒலிபெருக்கி திறக்கும். அவ்வளவே. அது நம் காதில் வைத்த பஞ்சு, பிறர் காதில் வைத்ததன்று. நம் பேச்சை அவர்கள் தடையின்றிக் கேட்பார்கள். அவர்கள் பேச்சு நமக்குக் கேட்காததால், யாருமில்லை என்று எண்ணி அவர்களுக்கு நடுவே நாம் பொத்தானை அழுத்திவிடவும் கூடும்.

அப்படி நடுவே புகுந்தால் யார் பேச்சில் புகுவோம்? மதுரை திண்டுக்கல் இருப்புப்பாதை சோழவந்தான் ஊரைத் தொட்டுச் செல்கிறது. ரயிலின் ஓட்டுநரும் காவலரும் நிலைய அதிகாரியும் விஎச்எஃப் கருவிகளில்தான் பேசிக்கொள்கிறார்கள். காவல்துறைக்கும் பிற துறைகளுக்கும் உரிய அலைவரிசைகள் இதே பரப்பில் உண்டு. கடலோரத்தில் கப்பல்களும் படகுகளும் அபாய அழைப்புக்கு வைத்திருக்கும் 16ஆம் சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸும் இதே பரப்பில்தான். நம் கையிலுள்ள மலிவுக் கருவிக்கு இவையெல்லாம் வெறும் எண்கள். அன்னதானப் பந்திக்கு இலை போதவில்லை என்று அறிவிக்கும் ஒரு குரல், எங்கோ ஓர் எஞ்சின் அறையில் வந்துகொண்டிருக்கும் எச்சரிக்கையை மூடிவிட முடியும். மூடியவருக்கு அது தெரியாது. தெரிய வழியும் இல்லை.

மூன்றாவது பயன். எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும்போது இது எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும்போது செல்பேசிக் கோபுரம் திணறும், அழைப்பு போகாது. போனாலும் ஒருவர் ஒருவரிடம்தான் பேசலாம். வாக்கி டாக்கிக்குக் கோபுரம் வேண்டாம்; ஒருமுறை சொன்னால் இருபது தொண்டர்களும் ஒரே நொடியில் கேட்பார்கள். சோழவந்தானில் ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவின் பூக்குழிக்கும் தேருக்கும் திரளும் கூட்டத்தையும், குருப்பெயர்ச்சிக்குக் குருவித்துறையில் திரளும் கூட்டத்தையும் நேரில் கண்டவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். பக்கத்துத் தேனூரில்தான் முற்காலத்தில் கள்ளழகர் ஆற்றில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் அதை மதுரைக்கு மாற்றினார் என்றும் சொல்வார்கள். அந்த மதுரை வைகையில் 2022 ஏப்ரல் 16 அன்று, அழகர் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். நெரிசலுக்குக் காரணங்கள் பல. ஒரு கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது பேதைமை. எனினும், முன்னே வழி அடைந்துவிட்டது என்ற செய்தி பின்னே வருவோரை எத்தனை நொடியில் எட்டுகிறது என்பதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. கங்காசாகர் மேளாவில் வழிதவறிய யாத்திரிகர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் பணியை மேற்கு வங்க ரேடியோ கிளப்பைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்கள் செய்துவருகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் குழு வேறொரு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. தொலைபேசிகள் அறுந்த அந்த நாள்களில் தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் செய்தி சென்ற வழிகளுள் அந்நிலையமும் ஒன்று. அவர்கள் பயன்படுத்தியது நெடுந்தூரம் எட்டும் சிற்றலைக் கருவிகள். நாம் பேசும் மலிவுப் பெட்டியன்று. ஆனால் அவர்களுக்கும் நம் இளைஞர்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு கருவியில் இல்லை. அவர்கள் கற்றிருந்தார்கள், உரிமம் பெற்றிருந்தார்கள், எப்போது பேசக்கூடாது என்பதை அறிந்திருந்தார்கள்.

தடைசெய்வோம் என்பாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. அந்தக் கல்வி பரவ வேண்டுமானால் கருவி கையில் இருக்க வேண்டும். அச்சுறுத்தலால் அறியாமை நீங்காது, ஒளிந்துகொள்ளும். யார் கவனிக்கிறார்கள் என்பாருக்கும் ஒரு விடை உண்டு. வானம் பொதுக் கண்மாய் போன்றது. வைகை நீரைப் பேரணையில் பிரித்துக் கால்வாய்களில் விட்டு, மடைக்கு மடை முறைவைத்துப் பாய்ச்சிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறை தெரியாமல் ஒருவன் மடையைத் திறந்தால் கடைமடையில் எவனுடைய பயிரோ காயும். திறந்தவனை யாரும் பார்க்கவில்லை என்பதால் காய்ந்த பயிர் பச்சையாகிவிடாது.

இனி நம் கடமை. ஒவ்வொரு பெட்டியோடும் நான்கு பக்கத் தமிழ்ப் பாயிரம் ஒன்று இருக்கட்டும். இக்கருவி எவ்வளவு தூரம் எட்டும், எந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம், நீங்கள் பேசுவதை யாரெல்லாம் கேட்பார்கள், எந்தெந்த எண்களைத் தொடக்கூடாது, பேசுமுன் எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். அமெச்சூர் தேர்வுக்குரிய பாடங்கள் பத்தாம் வகுப்பு மாணவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் வரட்டும். திருவிழாக் குழுக்கள் கருவி வாங்குமுன் மதுரையில் உரிமம் பெற்ற வானொலியாளர் ஒருவரை அழைத்து ஒரு மாலைப்பொழுது கேட்கட்டும்.

தமிழில் எழுதுவது என்றவுடன் கலைச்சொல் தேடி மாதக்கணக்கில் சண்டையிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சேனலும் ஆன்டெனாவும் ரிப்பீட்டரும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றைப் பயன்படுத்துவோர் வாயில் ஏற்கனவே அவை தமிழாகிவிட்டன. இல்லாதவை தெளிவான வாக்கியங்களே. ஒரு நூலின் பாயிரத்துக்கு விருத்தியுரை எழுதிய புலவர் பிறந்த மண்ணில், ஒரு பெட்டிக்கு நான்கு பக்கம் எழுத ஆளில்லாமல் போகாது. எழுத வேண்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுள்தான் இருக்கிறார்கள் என்று நாம் நம்புகிறோம். அடுத்த வைகாசிக்கு முன் முதல் படி வந்துவிட்டால் நன்று.